கொட்டகை முறையில் வீடு சரி, கொட்டகைச் சலுகையில் வேண்டாம்

அமெரிக்கக் கிராமப்புறங்களில் பண்ணைக் கொட்டகை கட்டும் முறையிலேயே குடியிருக்கும் வீட்டையும் கட்டிக்கொள்ளும் வழக்கம் பரவிவருகிறது. ‘போஸ்ட் ஃபிரேம்’ என்று அங்கே சொல்லப்படும் தூண் சட்டக முறை அது. வழக்கமான அமெரிக்க வீட்டுக்குச் சுவர் ஓடும் இடமெல்லாம் கான்கிரீட் அடித்தளம் போட்டு, அதன் மேல் 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டங்களை நெருக்கி நிறுத்துவார்கள். தூண் சட்டக வீட்டுக்குத் தொடர் அடித்தளம் தேவையில்லை. ஏறத்தாழ எட்டு அடிக்கு ஒரு குழி தோண்டி, நிலம் உறையும் ஆழத்துக்கும் கீழே, மூன்று நான்கு அடியில், பதனிட்ட மரத்தூண்களை நட்டுவிடுகிறார்கள். தூண்களுக்குக் குறுக்கே வரிச்சு, அவற்றின் தலையில் பட்டறையில் செய்துவந்த ‘டிரஸ்’ என்ற முக்கோணக் கூரைச் சட்டம், மேலேயும் பக்கத்திலும் வண்ணம் பூசிய எஃகுத் தகடு. மரமும் கான்கிரீட்டும் குறைவாகப் பிடிக்கும். வேலை நாட்களும் குறையும். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர், ஓஹையோவின் ஹோம்ஸ், இண்டியானாவின் லக்ரேஞ்ச் போன்ற மாவட்டங்களில் இதில் கைதேர்ந்த, ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமயப் பிரிவினரின் கட்டுமானக் குழுக்கள் நிறைய. நகரத்தை விட்டு நிலம் தேடி வருபவர்கள் அவர்களை வைத்தே வீடு எழுப்பிக்கொள்ள விரும்புகிறார்கள். விரும்புவதில் பிழையில்லை. ஆனால் எதை வாங்குகிறோம் என்ற தெளிவில்லாமல் வாங்குகிறார்கள். அந்தக் குழப்பத்துக்கு அரசின் விதிகளும் துணைபோகின்றன. கொட்டகை கட்டும் முறையை வீட்டுக்குக் கொண்டுவரலாம். கொட்டகைக்குச் சட்டம் தந்த சலுகையைக் கூடவே இழுத்துவரக் கூடாது என்பதே இங்கு நான் சொல்ல வருவது.

முதல் குழப்பம், இதைப் பரம்பரைக் கைவினை என்று எண்ணிக்கொள்வது. ஆமிஷ் என்றதும் குதிரை வண்டியும் தாடியும் ஊர் கூடி ஒரே நாளில் கொட்டகை எழுப்பும் காட்சியும் நினைவுக்கு வருகின்றன. ஊர் கூடி எழுப்பும் அந்தக் கொட்டகை, ஒரு மரத்தில் துளையிட்டு இன்னொரு மரத்தின் முனையை அதில் செருகி, மர ஆணி அடித்து இறுக்கிய கனத்த சட்டகம். ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய தச்சு. தூண் சட்டகமோ 1930களில் பிறந்தது. செயின்ட் லூயிஸில் பண்ணை ஆலோசனை நிறுவனம் நடத்திய ஹோவர்ட் டோனும் அவரிடம் பணியாற்றிய பெர்னன் பெர்கின்ஸும், பெருமந்தக் காலத்து விவசாயிக்குக் கட்டுப்படியாகும் கொட்டகை வேண்டும் என்று தேடி உருவாக்கிய முறை. தந்திக்கும் மின்சாரத்துக்கும் நட்ட கம்பங்கள் அழுகாமலிருக்கக் கையாண்ட ரசாயனப் பதனம்தான் அதற்கு வழிவிட்டது. அந்தத் தூண்கள் நிலைத்ததில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் கலந்த ‘சிசிஏ’ கரைசலை 1933இல் உருவாக்கியவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசன். பல பத்தாண்டுகள் அமெரிக்கப் பண்ணைத் தூண்களைக் கரையானிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காத்த கரைசல் அது. ஆர்செனிக் பற்றிய அச்சத்தால் 2003 இறுதியோடு பெரும்பாலான வீட்டு உபயோகங்களிலிருந்து விலக்கப்பட்டது. 1936இல் கிராம மின்மயச் சட்டம் வந்து வயல் நெடுகக் கம்பங்கள் நடப்பட்டபோது மின்கம்பியை வேண்டாம் என்ற ஆமிஷ் மக்கள், கம்பம் நடும் நுட்பத்தை மட்டும் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்பது சுவையான முரண்.

உண்மையில் அது முரண்கூட இல்லை. ஆமிஷ் மக்கள் புதியது எதையும் ஏற்பதில்லை என்பது வெளியாட்களின் கற்பனை. எதை ஏற்பது, எதை விலக்குவது என்பதை ஒவ்வொரு சபையும் ‘ஓர்ட்னுங்’ என்ற தன் ஒழுங்குமுறைப்படி கூடிப் பேசி முடிவுசெய்கிறது. பொது மின்கம்பியில் இணையாத பட்டறையில், டீசல் எந்திரம் தரும் அழுத்தக் காற்றில் ரம்பமும் துளைக்கருவியும் ஓடும். வண்டி ஓட்டாத குழு, ‘இங்கிலிஷ்காரர்’ என்று அவர்கள் அழைக்கும் வெளியாள் ஒருவரின் வேனில் ஏறி வேலைக்குப் போகும். அவர்களின் மக்கள்தொகை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ இரட்டித்து, இப்போது 4 லட்சத்தைத் தொட்டிருக்கிறது, நிலம் இரட்டிக்கவில்லை. ஆகவே விவசாயத்தை விட்டுத் தொழிலுக்கு வந்தவர்கள் பெருகினார்கள். டொனால்ட் கிரேபிலும் ஸ்டீவன் நோல்ட்டும் 1995இல் எழுதிய ‘ஆமிஷ் எண்டர்பிரைஸ்’ என்ற நூலின் பொருளே இந்த மாற்றம்தான். மரம் அறுப்பவர், டிரஸ் செய்பவர், தகடு மடிப்பவர், கட்டும் குழு என எல்லோரும் சில மைல் சுற்றளவில், பெரும்பாலும் உறவுக்குள்ளேயே இருக்கிறார்கள். வேலை வேகமாக நடப்பதன் ரகசியம் இந்த அமைப்பு. தூணையும் தகட்டையும் விலைக்கு வாங்கி எந்த மாநிலத்துக்கும் கொண்டுபோகலாம். இந்த உறவு வலையைக் கொண்டுபோக முடியாது.

விலை குறைவதில் வரிச் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பலரும் அதைக் கவனிப்பதில்லை. 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘அமெரிக்கா எதிர் லீ’ வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் ஓர் ஆமிஷ் விவசாயி, தச்சரும்கூட. தன் பட்டறையிலும் பண்ணையிலும் வேலை செய்த ஆமிஷ் ஆட்களுக்காகச் சமூகப் பாதுகாப்பு வரி கட்ட மாட்டேன் என்றவர். கட்டியே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். சுயதொழில் செய்யும் ஆமிஷ் மக்களுக்கு 1965 முதலே விலக்கு இருந்தது. 1988இல் நாடாளுமன்றம் அதை ஆமிஷ் முதலாளியிடம் வேலை செய்யும் ஆமிஷ் தொழிலாளிக்கும் நீட்டித்தது. வழக்கமான ஒப்பந்ததாரர் ஒவ்வொரு சம்பளத்தின் மேலும் தன் பங்காகக் கட்டும் 7.65 சதவீதம், அதே அளவு தொழிலாளியின் பங்கு, இரண்டும் அங்கே இல்லை. இதைச் சலுகை என்று பழிப்பது நியாயமாகாது. வரி கட்டாதவர்கள் ஓய்வூதியமும் வாங்குவதில்லை. முதியவர்களை வீட்டை ஒட்டிக் கட்டிய ‘தாடி ஹவுஸ்’ என்ற தாத்தா வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். மருத்துவச் செலவைச் சபை பகிர்ந்துகொள்கிறது. வருமான வரியும் சொத்து வரியும் மற்றவர்களைப் போலவே கட்டுகிறார்கள். நான் சொல்வது வேறு. அந்த விலையில் ஒரு பகுதி அவர்கள் தங்களுக்குள் சுமந்துகொள்ளும் பொறுப்பின் விலை. வெளியிலிருந்து வந்து வீடு கட்டுபவர் அதைத் தூணின் மகிமை என்று கணக்கெழுதக் கூடாது.

தூணால் மிச்சமாவது எவ்வளவு என்று பார்ப்போம். தேசிய வீடு கட்டுநர் சங்கத்தின் கணக்கெடுப்புகளின்படி, ஒரு புதிய வீட்டின் கட்டுமானச் செலவில் சட்டக வேலையின் பங்கு ஐந்தில் ஒன்று அல்லது ஆறில் ஒன்று. அடித்தளத்துக்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று. இந்த இரண்டில்தான் தூண் முறை கைவைக்க முடியும். சமையலறை, குளியலறை, குழாய், மின்சாரம், சூடேற்றும் கருவி, சன்னல், தரை ஆகியவை எந்த வீட்டுக்கும் ஒரே விலைதான். எனவே சட்டகத்திலும் அடித்தளத்திலும் கணிசமாக மிச்சம் பிடித்தாலும், மொத்த வீட்டில் அது சிறு விகிதமாகவே தெரியும். ‘பாதி விலையில் வீடு’ என்று யாராவது சொன்னால், மீதிப் பாதி எங்கே விடுபட்டது என்று கேட்க வேண்டும். நிலவறை விடுபட்டிருக்கலாம், அது உரிமையாளரின் விருப்பம். சொந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கலாம். அதுவும் அவர் பாடு. பொறியாளரின் வரைபடமும் ஆய்வாளரின் வருகையும் விடுபட்டிருந்தால் அது மிச்சமே ஆகாது. பின்னால் யாரோ கொடுக்க வேண்டிய கடன்.

ஏனெனில் ஒரே தோற்றமுள்ள கொட்டகையும் வீடும் கணக்கில் ஒன்றல்ல. அமெரிக்கக் கட்டுமானக் கணக்கில் பண்ணைக் கட்டடங்கள், விழுந்தாலும் உயிராபத்துக் குறைவு என்ற முதல் வகையில் சேரும். வீடு இரண்டாம் வகை. அந்நாட்டுக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் 2016ஆம் ஆண்டுச் சுமைத் தரநிலையில், முதல் வகைக்குப் பனிச் சுமையை 0.8ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு அந்தக் கழிவு கிடையாது. காற்றுக்கும் இப்படித்தான். கொட்டகைக்குச் சராசரியாக 300 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய காற்று, வீட்டுக்கு 700 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய காற்று. வைக்கோலும் டிராக்டரும் இருக்கும் இடத்துக்குப் போதுமென்று தேர்ந்த டிரஸ், தூங்கும் குழந்தைக்கு மேலே போதாது. அதுவும் கொட்டகை டிரஸ்ஸின் அடியில் எதுவும் தொங்குவதில்லை. வீடென்றால் உட்கூரைப் பலகையும் வெப்பக்காப்பும் அதில் தொங்கும். அந்த எடையைத் தொடக்கத்திலேயே கணக்கிட்டிருக்க வேண்டும். தகட்டைப் பார்த்து யாராலும் இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது.

அதைவிட நயவஞ்சகமானது ஈரம். கொட்டகை காற்றோட்டமானது, உள்ளும் புறமும் ஏறத்தாழ ஒரே குளிர். வீட்டில் மனிதர்கள் மூச்சுவிடுகிறார்கள், சமைக்கிறார்கள், வெந்நீரில் குளிக்கிறார்கள். ஒரு குடும்பம் நாளொன்றுக்குப் பல லிட்டர் நீரைக் காற்றில் கலக்கிறது. ஓஹையோவின் சனவரியில் அந்த ஈரக் காற்று கசிந்துபோய்க் குளிர்ந்த எஃகுத் தகட்டின் உட்புறத்தைத் தொட்டதும் நீர்த்துளியாகி, வரிச்சில் இறங்கி, வெப்பக்காப்பை நனைத்து, கண்ணுக்குத் தெரியாமல் மரத்தை ஊறவைக்கும். தரையிலும் சுவரிலும் ஈரத்தடுப்புத் தாளைச் சரியான பக்கம் விரித்து, தகட்டின் உட்புறத்தில் காற்று தீண்டாதபடி நுரை அடித்துவிட்டால் இது தீரும். தீர்த்துவிட்டால் தூண் வீடு வழக்கமான வீட்டைவிட நன்றாகவே வெப்பம் காக்கும். எட்டடி இடைவெளியில் குளிரைக் கடத்தும் மரச்சட்டங்கள் குறைவு, காப்புப் பொருள் நிரப்பச் சுவரில் ஆழம் அதிகம். தூணின் கால் இன்னொரு கவலை. மரம் அழுகுவது அடியாழத்தில் அல்ல. ஈரமும் காற்றும் சந்திக்கும் தரைமட்டத்தை ஒட்டிய சில அங்குலங்களில். மண்ணில் புதையும் கட்டடத் தூணுக்கு ‘யூசி4பி’ என்ற கடுமையான பதன நிலை வேண்டும். அளவுக்கு அறுத்த முனையில் பதனம் ஏறாத உள்மரம் தெரியும் என்பதால் அந்த முனை மேலே இருக்க வேண்டும். குழிக்குள் போகக் கூடாது. நல்ல குழுவுக்கு இதெல்லாம் அத்துப்படி. மோசமான குழுவுக்கும் கூரை அதே நாளில் ஏறிவிடும்; வேறுபாடு இருபது ஆண்டு கழித்துத் தெரியும்.

சட்டம் எங்கே நிற்கிறது? பென்சில்வேனியா 1999இல் மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டட விதிச் சட்டம் இயற்றி 2004இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் பண்ணைக் கட்டடங்களுக்கு விலக்கு. ஓஹையோவிலும் பண்ணைக் கட்டடத்துக்கு விலக்கு உண்டு. அதன் சில கிராமப்புற மாவட்டங்களில் குடும்ப வீடுகளுக்கு விதியை அமல்படுத்தும் அலுவலகமே கிடையாது. விவசாயியின் வைக்கோல் கொட்டகைக்கு வரைபடம் கேட்டு அலைக்கழிக்கக் கூடாது என்பதே விலக்கின் நோக்கம், நல்ல நோக்கம். கொட்டகை என்று கட்டிவிட்டு, இரண்டு குளிர்காலம் கழித்து ஒரு மூலையில் அறை தடுத்து, குழாய் இழுத்துக் குடிபோவதற்கும் அதே விலக்கு வாசல் திறந்துவிடுகிறது. அப்போது புதைந்த தூணைத் தோண்டிப் பார்க்க முடியாது, டிரஸ்ஸை மாற்ற முடியாது. கட்டும்போது சட்டத்துக்குக் கொட்டகை, வாழும்போது குடும்பத்துக்கு வீடு என்ற இந்த இரட்டை வேடத்தைத்தான் நிறுத்த வேண்டும்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு, சமய உரிமை சார்ந்தது. ஆமிஷ் மக்கள் தங்கள் நம்பிக்கைப்படி வாழும் வீட்டில் அரசுக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியை நீதிமன்றங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. மினசோட்டாவின் ஃபில்மோர் மாவட்டத்தில், குளித்த நீருக்கும் துவைத்த நீருக்கும் கழிவுநீர்த் தொட்டி கட்டியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியதை எதிர்த்து ஆமிஷ் குடும்பங்கள் வழக்காடின. 2021இல் உச்ச நீதிமன்றம் வழக்கை மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பியது. 2023இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மரச்சிராய் நிரப்பிய குழி வழியாக நீரை வடிக்கலாமே என்று அவர்கள் முன்வைத்த மாற்றை அரசு ஏன் ஏற்கக் கூடாது என்பதே அங்கு மையக் கேள்வி. நம்பிக்கைக்கு இடம்விட்டே பாதுகாப்பை வற்புறுத்த முடியும் என்பதற்குப் பென்சில்வேனியாவின் விதியே சான்று. அங்கீகரிக்கப்பட்ட சமயப் பிரிவினர் தங்கள் வீட்டுக்கு மின்சார விதிகளிலிருந்தும் மரத் தர விதிகளிலிருந்தும் விலக்குக் கோரலாம். ஆனால் மரத்தின் அழுத்தப் பதனம் பற்றிய விதிக்கு விலக்கு இல்லை. வீட்டை அந்தப் பிரிவைச் சேராதவருக்கு விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ, விலக்குப் பெற்ற குறையைச் சரிசெய்வது பொது விதி. எழுதியவர்களைப் பாராட்டத் தோன்றுகிறது. விளக்கை வேண்டாம் என்பது மனசாட்சி. தூண் அழுகுவதில் மனசாட்சிக்கு என்ன இருக்கிறது? விலக்கு ஆளோடு போகிறது, கட்டடத்தோடு தங்குவதில்லை. ஆமிஷ் அல்லாத ஒருவர் ஆமிஷ் குழுவை அமர்த்தினார் என்பதற்காக அந்த நம்பிக்கை அவருக்கும் ஒட்டிக்கொள்ளாது.

‘என் நிலம், என் வீடு, ஆபத்தும் என்னுடையது’ என்பது அடுத்த வாதம். அமெரிக்கக் கிராமத்தில் இது ஏறத்தாழ மதத்துக்கு நிகரான நம்பிக்கை. தனியொருவராக வாழ்ந்து தன்னோடு வீட்டையும் முடித்துக்கொள்பவருக்கு இது பொருந்தும். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த வரைபடத்தையும் பார்த்துச் சம்மதிக்கவில்லை. தீப்பிடித்தால் உள்ளே நுழைபவர்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்பாளர்கள். லங்காஸ்டரில் அவர்களில் ஆமிஷ் இளைஞர்களும் உண்டு. முப்பது ஆண்டுக் கடன் தரும் வங்கி இருக்கிறது. பக்கத்தில் ஒப்பிட்டு விலை மதிக்க இதுபோன்ற வீடு விற்றிருக்கவில்லை என்று கடனுக்குத் தயங்கும் வங்கியைப் பலர் குறைசொல்கிறார்கள். வரைபடமும் ஆய்வுச் சான்றும் கையில் இருந்தால் அந்தத் தயக்கம் பாதியாவது குறையும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் மறுப்பையும் சும்மா விட முடியாது. மண்ணில் நட்ட தூணின் மேல் வீடா, அது கொட்டகைப் புத்தி என்று முகஞ்சுளிக்கும் அதிகாரிகளும் வழக்கமான கட்டுநர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் பொறியியல் இல்லை. எஃகுத் தகடு திருகுகளால் இறுகி ஒரே தோலாக நின்று காற்றை வாங்கித் தரைக்குக் கடத்தும் கணக்கு நன்கு ஆராயப்பட்டது. தேவாலயங்கள், கடைகள், தீயணைப்பு நிலையங்கள் இந்த முறையில் நிற்கின்றன. மண்ணில் மரம் வேண்டாமென்றால் கான்கிரீட் காலின் மேல் தூணை எஃகுப் பிடியால் நிறுத்தவும் வழி உண்டு. உண்மையான முட்டுக்கட்டை வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் அடிப்படையாகக் கொள்ளும் பன்னாட்டுக் குடியிருப்பு விதித்தொகுப்பில், நெருங்கிய மரச்சட்ட வீட்டுக்கு எந்த அளவு மரம், எத்தனை இடைவெளி, எத்தனை ஆணி என்று ஆயத்த அட்டவணைகள் உள்ளன. கட்டுபவர் பார்த்துக் கட்டிவிடலாம். தூண் சட்டகத்துக்கு அவை இல்லை. ஆகவே சின்னஞ்சிறு வீட்டுக்கும் தனியாகப் பொறியாளர் கையொப்பம் தேவை. முறையாகக் கட்ட நினைப்பவருக்குச் செலவும் தாமதமும். கொட்டகை என்று எழுதிக்கொடுப்பவருக்கு எதுவுமில்லை. நேர்மைக்கு அபராதம் விதிக்கும் விதியைப் பலர் சுற்றிப்போவதில் வியப்பென்ன?

விதித்தொகுப்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. ஒரு தளம், குறிப்பிட்ட அகலம், குறிப்பிட்ட பனிச் சுமை என்ற எல்லைக்குள் அடங்கும் தூண் வீட்டுக்கு ஆயத்த அட்டவணை சேர்ப்பது கடினமான வேலை அல்ல. அதற்கான கணக்குகள் பொறியாளர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அட்டவணை வந்துவிட்டால், பண்ணை விலக்கைக் குடியிருப்பு வாசலோடு நிறுத்துவதில் யாருக்கும் அநீதி இல்லை. கொட்டகையை வீடாக மாற்ற விரும்புபவர் வீட்டுச் சுமைக்குக் கட்டியதை வரைபடத்தில் காட்டட்டும், இல்லையேல் வலுப்படுத்தட்டும். இதனால் ஆமிஷ் குழுக்களுக்கு வேலை போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. அவர்களில் பலர் அயல் மாவட்டங்களில் அனுமதி பெற்றே கட்டிப் பழகியவர்கள். விதியை ஏய்க்கும் மலிவுக் குழுக்களோடு விலையில் மோத வேண்டியிருப்பதால் நட்டம் அவர்களுக்கே. ஆய்வுக்கும் பெரிய படை தேவையில்லை. தூண் நட்ட குழியை மண் போட்டு மூடுமுன் ஒருமுறை, சுவரை உட்பலகையால் அடைக்குமுன் ஒருமுறை. இந்த இரண்டு வருகைகளில் ஆழம், பதன முத்திரை, அறுத்த முனை, ஈரத்தடுப்புத் தாள் ஆகியவற்றைப் பார்த்துவிடலாம்.